லத்தீன்ல "செஞ்சுட்டு"ன்னு எப்படிச் சொல்றது: பார்டிசிபிளா, கும் வாக்கியமா?

"நகரத்தைப் பிடிச்சுட்டு சீசர் கிளம்பினார்"னு தமிழ்ல ஒரே மூச்சுல சொல்லிடலாம், லத்தீன்ல அந்தப் "பிடிச்சு"க்கு நேரா ஒரு உருவம் கிடையாது. பெரும்பாலான வினைகளுக்கு இறந்தகால பார்டிசிபிள் (வினையில இருந்து வர்ற, பெயரடை மாதிரியான உருவம்) செயப்பாட்டுவினைல மட்டும்தான் இருக்கு, கப்துஸ்னா "பிடிக்கப்பட்ட", அவ்வளவுதான். அதனால சுத்தி வளைச்சுப் போகணும்.

முதல் வழி அப்லேட்டிவ் அப்சொல்யூட்: உர்பெ கப்தா. ரெண்டே சொல், உர்பென்னா நகரம், ரெண்டும் அப்லேட்டிவ் வேற்றுமைல (நம்ம "ஆல்", "இல்", "இருந்து" மாதிரி), முக்கிய வாக்கியத்தோட ஒட்டாம தனியா நிக்கும். பலரும் இதை உடனே "நகரத்தைப் பிடிச்சு"ன்னு மாத்திடறாங்க, அது சரியான பழக்கம் இல்லங்க, முதல்ல "நகரம் பிடிபட்டதும்"னு படிங்க, ஏன்னா பிடிச்சது யாருன்னு அந்த ரெண்டு சொல்லுல இல்லவே இல்ல, சூழல்தான் சொல்லும். பிடிபட்டதும்மா, பிடிபட்டதாலயா, பிடிபட்டும்கூடவா, அதையும் நாமதான் முடிவு பண்ணணும்.

ரெண்டாவது கும் வாக்கியம், கும்னா "போது" இல்ல "ஆனதால"ன்னு அர்த்தம் தர்ற இணைப்புச் சொல்: கும் உர்பெம் கேபிஸ்ஸெத். கொஞ்சம் நீளம்தான், ஆனா வினை முழுசா இருக்கிறதால எண், இடம் (தன்மையா, முன்னிலையா, படர்க்கையா), காலம் எல்லாம் விகுதியிலயே தெரிஞ்சிடும், பிடிச்சது சீசர்ங்கறதுல குழப்பமே வராது. காரணமா நேரமாங்கற சந்தேகம் இதுலயும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டுதான் இருக்கும், "இருந்தாலும்"னு அர்த்தம் வரும்போது பெரும்பாலும் அடுத்த பாதில தமென் ("ஆனாலும்")னு ஒரு சொல் வந்து காட்டிக் கொடுத்துடும். நேரம் மட்டும் சொன்னா போதும்னா போஸ்த்க்வம் ("அப்புறம்") போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்.

ஒரு விஷயம் கவனிக்கணும், அந்த நகரமே முக்கிய வாக்கியத்துலயும் வந்துச்சுன்னா அப்சொல்யூட் பொதுவா வராது. "பிடிச்ச நகரத்தை எரிச்சார்"ங்கறது உர்பெம் கப்தம் இன்கெந்தித், பார்டிசிபிள் நம்ம பெயரெச்சம் மாதிரி நகரத்தோட ஒட்டிக்கிட்டு அதோட வேற்றுமையையே எடுத்துக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது டிபோனன்ட் வினைகள். உருவம் செயப்பாட்டுவினை, அர்த்தம் செய்வினை, அதனால ப்ரொஃபெக்துஸ்னா "கிளம்பி", லொகூதுஸ்னா "பேசி", நம்ம வினையெச்சம் அப்படியே உக்காந்துடும்.

எல்லாம் ஒண்ணா வர்ற இடம் பார்க்கணும்னா கி.மு. 58ல ஹெல்வேதியர்ங்கற கெல்டிக் இனத்தோட நடந்த போரைப் பத்தி சீசரே எழுதினதுல இருக்கு. முதல்ல தன் குதிரையையும் அப்புறம் எல்லாரோட குதிரைகளையும் கண்ணுல படாம அனுப்பிடறார், அது ரெமோதீஸ் எக்வீஸ், அப்சொல்யூட். எல்லாருக்கும் ஆபத்து சமமாகி ஓடிப்போற ஆசையே இருக்கக்கூடாதுன்னு, ஐக்வாதோ பெரீகுலோ, இதுவும் அப்சொல்யூட். அப்புறம் தன் ஆட்களை உற்சாகப்படுத்தி, கோஹோர்தாதுஸ் சுஓஸ், இது டிபோனன்ட், போரைத் தொடங்கறார். இது மூணையும் கும் வாக்கியமா எழுதிப் பாருங்க, அந்த வேகமே போயிடும்.

ஆக, நடந்தது வரிசையா ஓடணும்னா பார்டிசிபிள்தான், டிபோனன்ட் வினை கிடைச்சா யோசிக்கவே வேணாம். யார் செஞ்சாங்கங்கறதுல சந்தேகம் வரும்னா கும், காரணத்தை அழுத்திச் சொல்லணும்னா க்வொத் ("ஏன்னா") இன்னும் தெளிவு.