தி வெயிட் ஆஃப் வாட்டர்: மாரெனுக்காக வாங்கலாம், முடிவுக்காக அல்ல

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய புத்தகக் கடை ஒன்றில் 40 ரேண்டுக்குக் கிடைத்தது. அனிட்டா ஷ்ரீவ் எழுதியது, 1997இல் வந்த நாவல். அட்டை கிழிசல், நடுவில் தேநீர்க் கறை, அது போகட்டும். சனிக்கிழமை ராத்திரி எடுத்தேன், ஞாயிறு மத்தியானம் முடித்துவிட்டுத்தான் சமையல்கட்டுக்குள் நுழைந்தேன்.

அடிப்படை நிஜமான கொலை. அமெரிக்காவில் மெய்ன் கரைக்கு அப்பால் ஸ்மட்டிநோஸ் என்று ஒரு பாறைத் தீவு, அதில் நார்வேயிலிருந்து வந்து குடியேறிய மீன்பிடிக் குடும்பம். 1873 மார்ச் 5 அன்று இரவு ஆண்கள் தூண்டில் இரைக்காகக் காத்துக்கொண்டு, எதிர்க்கரைத் துறைமுக ஊரான போர்ட்ஸ்மத்திலேயே தங்கிவிட்டார்கள், தீவில் மூன்று பெண்கள் மட்டும். காரென், அனெத் இருவரும் கொல்லப்பட்டார்கள். காரெனின் சகோதரி மாரென் ஹோண்ட்வெட் நாயோடு பாறை இடுக்கில் விடியும்வரை ஒளிந்திருந்து பிழைத்தாள். முன்பு அவர்கள் வீட்டிலேயே தங்கிச் சாப்பிட்ட லூயி வாக்னர் என்ற பிரஷ்யக்காரனை 1875 ஜூனில் தூக்கிலிட்டார்கள்.

நாவலில் இரண்டு கதை. ஒன்று இந்தக் காலத்தது: ஜீன் என்ற புகைப்படக்காரி கணவனோடும் மகளோடும் படகில் வருகிறாள், கணவன்மேல் சந்தேகம், அது இது என்று இழுக்கிறது. நான் பாதிக்கு மேல் புரட்டிவிட்டேன். இன்னொன்று மாரெனே எழுதிவைத்த குறிப்பாக வருகிறது, அதுதான் புத்தகம். பேச்சுத்துணை இல்லாத பனிக்காலம், விட்டுவந்த ஊரின் நினைப்பு, கூடப் பிறந்தவள்மேல் வெளியே சொல்ல முடியாத எரிச்சல். எங்கள் ஆயா இங்கே வடகரைக் கரும்புத் தோட்ட பாரக்ஸை, அதாவது கூலியாட்களின் வரிசை வீடுகளைப் பற்றிச் சொன்ன மாதிரியே இருந்தது. ஆயாவின் அம்மாவைப் பற்றி எங்களிடம் இருப்பதெல்லாம் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த கப்பலின் பதிவில் ஒரே ஒரு வரி: எண், பெயர், அப்பா பெயர், ஊர், உடம்பில் ஒரு தழும்பு. அப்படிப்பட்ட ஒருத்தியை யாராவது பேச வைத்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் (முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் கடைசிப் பத்திக்குப் போய்விடுங்கள்) ஷ்ரீவ் அந்தக் கொலைகளை மாரெனே செய்ததாக முடிக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. அதே பெயர், அதே தீவு, அதே தேதி, சகோதரியைப் பறிகொடுத்தவளே கொலைகாரி! பெயரையாவது மாற்றியிருக்கலாமே. நாளைக்கு அந்தக் கப்பல் பதிவுப் பெயரைப் போட்டு யாராவது இப்படி எழுதினால் எங்கள் வீட்டில் சும்மா இருப்போமா?

போர்ட்ஸ்மத்திலிருந்து தீவுக்கு ஒரே இரவில் போக வர சுமார் 20 மைல் தனியாகத் துடுப்பு போட முடியுமா என்பதுதான் வாக்னருக்காகப் பேசுகிறவர்கள் கேட்கும் கேள்வி. டர்பன் கடற்கரையில் கரைவலை இழுத்து வளர்ந்த என் மாமாவிடம் கேட்டேன். நீரோட்டம் கூட வந்தால், பழகிய கைக்கு அது பெரிய விஷயமே இல்லை என்றார். வாக்னரும் மீன்பிடித் தொழிலில் இருந்தவன்தானே.

ஐந்துக்கு மாரென் பகுதிக்கு நாலரை, மற்றதற்கு இரண்டு. படிக்கிறவர்கள் ஜீனைத் தாராளமாகத் தாண்டலாம். என் பிரதி இப்போது மாமாவிடம் இருக்கிறது, வழக்கு விசாரணையை மட்டும் படித்துவிட்டுத் தருகிறாராம்.