பூட்டாமல் விற்ற வீடு: ஜூன் விடுமுறையில் ஊரில் நான்கு வாரம்

சிங்கப்பூரில் ஜூன் மாதப் பள்ளி விடுமுறை நான்கு வாரம். 2025-இல் அந்த நான்கு வாரத்தையும் கும்பகோணத்துக்குப் பக்கத்தில், அரசலாற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் கழித்தோம். போனது அம்மா வீட்டை விற்பதற்கு. அப்பா 2019-இல் இறந்துபோனார், அம்மா 2023 கடைசியில். அண்ணன் குடும்பம் கோயம்புத்தூரில். ஒன்றரை வருடமாக வீடு பூட்டியே கிடந்தது. ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன், நான் என்று மூன்று பேர் முதலில் போனோம். கணவருக்குக் கடைசி வாரம்தான் விடுப்பு கிடைத்தது.

திரும்பி வந்ததிலிருந்து இங்கே தெரிந்தவர்கள் பலர் கேட்டுவிட்டார்கள்: யாரைப் பிடித்தாய், எந்த வேலைக்கு எத்தனை நாள் ஆனது, பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளித்தாய் என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எல்லோரும் எனக்குச் சொன்ன யோசனை, கும்பகோணத்தில் ஒரு ஓட்டலில் தங்கு, வீட்டுக்குப் பகலில் மட்டும் போய் வா என்பதுதான். நான் கேட்கவில்லை. பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் நுழைந்தால் வவ்வால் வாடை வரும். வாங்க வருகிறவருக்கு அந்த வாடைதான் முதலில் மனதில் நிற்கும், விலையும் அங்கேயே இறங்கும். நாலு வேளை அடுப்பு எரிந்து, வாசலில் கோலம் விழுந்து, பிள்ளைகள் ஓடி விளையாடுகிற வீடாக அதைக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். அம்மா இருந்தால் அப்படித்தான் காட்டியிருப்பாள்.

திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் 2024 ஜூனிலிருந்து இயங்குகிறது. பழைய கட்டடத்தில் தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நெரிசலில் நின்ற ஞாபகம் எனக்கு உண்டு. இந்தத் தடவை உட்கார இடம் இருந்தது, கழிப்பறை சுத்தமாக இருந்தது. முன்பதிவு செய்திருந்த கார் தஞ்சாவூர் வழியாக விடிவதற்குள் ஊரில் கொண்டு விட்டது.

முதல் இரண்டு நாள் தண்ணீருக்கே போனது. மோட்டார் இறுகிப்போயிருந்தது. உள்ளூர் எலெக்ட்ரீஷியன் தம்பி அதைக் கழற்றி எடுத்துப் போய் மறுநாள் சாயங்காலம் மாட்டிக் கொடுத்தான். அதுவரை எதிர்வீட்டு அப்பாயி வீட்டிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. அம்மா பெயரில் இருந்த கேஸ் இணைப்பைப் புதுப்பிக்க நேரம் இல்லை. ஐந்து கிலோ சின்ன சிலிண்டர் ஒன்றை வாங்கி வந்தோம், மாதம் முழுக்க அதிலேயே ஓடியது. குடிக்க இருபது லிட்டர் கேன். ஒரு போன் போட்டால் அரை மணியில் வந்தது. இதையெல்லாம் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஊரில் ஆள் பிடிப்பது இப்போது சுலபம்.

சுவர்தான் பெரிய விஷயம்.

எங்கள் வீடு அப்பா 1984-இல் வாங்கியது. கட்டியது அதற்கும் வெகு முந்தி. நாட்டு ஓடு, திண்ணை, ரேழி, முற்றம், கூடம். சுண்ணாம்புக் காரைச் சுவர். கூடத்தில் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்துச் சுவர் பொரிந்திருந்தது. கையை வைத்தால் மாவாக உதிர்ந்தது. வீட்டுத் தரகர், "பட்டி பார்த்து எமல்ஷன் அடிச்சுடுங்கம்மா, பளபளன்னு இருந்தாத்தான் பார்ட்டிக்குப் பிடிக்கும்" என்றார். பெயிண்டரும் அதற்கே விலை சொன்னார். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வேலை செய்த கொத்தனார் அண்ணனை அழைத்துக் காட்டினேன். சுவரைத் தட்டிப் பார்த்தார், கொஞ்சம் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இந்தச் சுவருக்குள்ள ஈரம் ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும் பாப்பா. பெயிண்ட் போட்டு அடைச்சா உப்பு உள்ளேயே நிக்கும். ஆறு மாசத்துல தோல் உரியிற மாதிரி உரியும். வாங்கினவன் உன்னையத்தான் திட்டுவான்" என்றார்.

அவர் சொன்னபடியே செய்தோம். உதிர்ந்த பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, சுண்ணாம்பும் மணலும் சேர்த்துப் பூசி, காயவிட்டு, மூன்று கை வெள்ளையடித்தார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பழைய டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் அது கொதித்துப் புகைந்ததைப் பிள்ளைகள் திண்ணையிலிருந்து பார்த்தார்கள். தெறித்துக் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் வேலை முடியும்வரை கொல்லைப் பக்கம் அவர்களை விடவே இல்லை. மூன்றாம் கையில் கொஞ்சம் நீலம் கலந்தார்கள். காய்ந்த பிறகு கூடம் முழுக்க ஒரு குளிர்ச்சி வந்தது. பெயிண்டர் கேட்ட தொகையில் பாதிகூட ஆகவில்லை. பழைய காரை வீட்டை விற்கப் போகிறவர்கள் இதை ஒரு தடவை யோசியுங்கள்.

பிள்ளைகளுக்காக நான் செய்துகொண்ட ஒரே ஏற்பாடு, ரேழிக்குப் பக்கத்து அறையைக் கடைசி நாள்வரை தொடாமல் விட்டது. மற்ற அறைகள் ஒவ்வொன்றாகக் காலியானபோதும் அங்கே மட்டும் கட்டில், கொசுவலை, மின்விசிறி, அவர்கள் துணிமணி எல்லாம் வந்த நாளில் இருந்த இடத்திலேயே இருந்தன. மகன் முதல் வாரம் ராத்திரியெல்லாம் அழுதான். அந்த அறை மாறவில்லை என்று புரிந்த பிறகு அடங்கினான். கரையான் மருந்து அடித்த இரண்டு நாள் மட்டும் தஞ்சாவூரில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டோம். சுவரோரம் துளை போட்டு மருந்து இறக்கும்போது சின்னப் பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. அடித்த பையன்கள் "ஒண்ணும் ஆகாதுக்கா" என்றுதான் சொன்னார்கள், அதை நம்ப வேண்டாம்.

வீடு பார்க்க வருகிறவர்களைத் தரகர் நினைத்த நேரத்துக்குக் கூட்டி வந்தார். ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு, மகனுக்குக் காய்ச்சல், நெற்றியில் ஈரத்துணி போட்டுப் படுக்க வைத்திருக்கிறேன். நான்கு பேர் செருப்போடு உள்ளே வந்து அந்த அறைக் கதவைத் தள்ளினார்கள். அன்றே தரகரிடம் சொன்னேன்: சாயங்காலம் நாலிலிருந்து ஆறு, அரை மணி முன்னால் போன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறேன். கமிஷன் இரண்டு சதவீதம் கேட்கிறவருக்கு இந்த மரியாதை தெரிந்திருக்க வேண்டும். அதன் பிறகு ஒழுங்காக நடந்தார்.

இனி பத்திரம், பட்டா. இதைத்தான் டிக்கெட் எடுப்பதற்கு முன்னாலேயே தொடங்க வேண்டும். நாங்கள் பிப்ரவரியிலேயே தொடங்கியும் மூச்சு முட்டியது. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் சிங்கப்பூரில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டேன். கிரயப் பத்திரம் அப்பா பெயரில் சுத்தமாக இருந்தது. ஆனால் பட்டா, அதாவது நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவு, இன்னும் 1984-இல் விற்றவர் பெயரிலேயே இருந்தது. "பத்திரம் இருக்கே, பட்டா எதுக்கு" என்று அந்தக் காலத்தில் விட்டுவிட்டார்கள். எங்கள் ஊரில் பாதி வீடுகள் இப்படித்தான். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று இரண்டு வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அதை வைத்து அண்ணன் பெயரும் என் பெயரும் சேர்த்துக் கூட்டுப் பட்டா கேட்டு விண்ணப்பித்தோம். விண்ணப்பம் இ-சேவை மையத்தில் பத்து நிமிட வேலை. நிலஅளவர் வந்து போவதற்குத்தான் வாரங்கள் ஓடின. ஒரு அலுவலகத்தில் "ஆதார் இல்லாம எப்படிம்மா?" என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். நான் சிங்கப்பூர்க் குடிமகள், ஓசிஐ அட்டையும் (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) பான் அட்டையும் பாஸ்போர்ட்டும் இருக்கிறது. நான்காம் தடவை அண்ணன் வழக்கறிஞரைக் கூட்டிப் போனபோது அதே காகிதங்களை வாங்கிக்கொண்டார்கள். பெற்றோர் வீட்டில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு, அவள் எந்த நாட்டில் இருந்தாலும் உண்டு. அதை ஒவ்வொரு மேசையிலும் புதிதாக விளக்க வேண்டியிருந்தது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

வரி விஷயத்தில் வாங்குகிறவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊரில் இருப்பவரிடம் வீடு வாங்கினால் ஐம்பது லட்சத்துக்குக் கீழே, கொடுக்கும் பணத்தில் வரிப் பிடித்தம் எதுவும் இல்லை. விற்கிறவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் கதை வேறு. எங்கள் வீடு 38 லட்சத்துக்குப் பேசி முடிந்தது. அண்ணன் பங்கு 19 லட்சத்துக்குப் பிடித்தம் இல்லை. என் பங்குக்கு 12.5 சதவீத வரியும் அந்த வரித்தொகையின் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 13 சதவீதம், அதாவது 2 லட்சத்து 47 ஆயிரம், வாங்குகிறவரே பிடித்துக் கட்ட வேண்டும். அதற்கு அவர் வரி பிடித்துக் கட்டுகிறவருக்கான டான் எண் வேறு எடுக்க வேண்டியிருந்தது. லாபத்துக்குத்தான் வரி என்றாலும், வருமானவரித் துறையிடம் குறைந்த பிடித்தச் சான்றிதழ் வாங்காவிட்டால் முழுத் தொகைக்கும் பிடிப்பதுதான் வழக்கம். 2001-க்கு முன் வாங்கிய சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 நிலவரப்படியான மதிப்பை அடக்க விலையாகக் காட்டலாம். ஆடிட்டர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "வித்தியாசம் நாற்பதாயிரம்தான் வரும், சான்றிதழுக்கு அலையாதீங்க, அடுத்த வருஷம் ரிட்டர்ன்ல திரும்ப வாங்கிக்கலாம்" என்றார். கேட்ட தொகை வாங்கிக்கொண்டு இவ்வளவு நேர்மையாக யோசனை சொன்ன ஆள் அவர். சமீபத்தில் கூடுதல் விலைக்கு வாங்கிய மனையோ ஃபிளாட்டோ விற்பவர்களுக்கு அந்தச் சான்றிதழ் அவசியம் வேண்டியிருக்கும்.

பரணைக் காலி செய்தது மூன்றாம் வாரத்தில். அண்டா, தவலை, குண்டான், அடுக்கு என்று பித்தளையும் எவர்சில்வருமாக முற்றம் நிறைந்துவிட்டது. மகள் பள்ளியில் தமிழ் படிக்கிறாள், ஆனால் வீட்டில் வாசிக்கச் சொன்னால் நழுவுவாள். அன்றைக்கு ஒரு சொம்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுல ஏதோ எழுதியிருக்கு" என்றாள். விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. விரலால் தடவித் தடவி வாசித்தாள். தாத்தா பெயரின் முதலெழுத்து, 'சீமந்தம்', தேதி. அடுத்ததை எடுத்தாள். 'கிரகப்பிரவேசம் 1984'. அப்புறம் ஒரு டம்ளர் செட், ஆறிலும் 'காதணி விழா' என்று என் பெயர். ஒவ்வொன்றும் யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன், தெரியாததை அப்பாயி திண்ணையிலிருந்து சொன்னார். மாலைவரை நூறு பாத்திரத்துக்கு மேல் வாசித்திருப்பாள். தம்பி எழுத்து தெரியாமலே விரலை வைத்துத் தடவிக்கொண்டிருந்தான்.

கும்பகோணத்துப் பாத்திரக் கடையிலிருந்து ஆள் வண்டியோடு வந்து எடை போட்டு எடுத்துப் போனார். தராசை என் கண் முன்னால் சுழியம் காட்டிவிட்டு வைத்தார், சேதாரம் எவ்வளவு கழிக்கிறார் என்பதையும் முதலிலேயே சொன்னார். சீமந்தச் சொம்பும் அந்த ஆறு டம்ளரும் மட்டும் எங்களோடு சிங்கப்பூர் வந்துவிட்டன.

அந்த வருடம் மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதியே திறந்தார்கள், கல்லணை 15-ஆம் தேதி. சில நாளில் அரசலாற்றில் தண்ணீர் வந்தது. காய்ந்த மணலில் நுரையும் சருகுமாக நாக்கு நீட்டி நகர்ந்து வந்த முதல் தண்ணீருக்கு முன்னால் மகன் பின்பக்கமாக நடந்தே போனான். அன்று மாலைதான் தஞ்சாவூரிலிருந்து ஒரு தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். அவர்களுக்கும் ஒரு கைக்குழந்தை. அந்தப் பெண் முற்றத்தைப் பார்த்துவிட்டு, "மழையில தண்ணி நிக்குமாக்கா?" என்றார். நிற்கும், தூம்பில் இலை அடைத்தால் கணுக்கால் அளவு நிற்கும், ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் குச்சி விட்டுக் குத்தி எடுக்க வேண்டும் என்று சொல்லி இடத்தையும் காட்டினேன். தரகர் முகம் மாறியது. ஆனால் மறுநாள் காலை அவர்களேதான் போன் செய்தார்கள்.

ஒப்பந்தத்தை ஜூன் கடைசியில் பதிவு செய்தோம். கிரயம் டிசம்பர் விடுமுறையில் முடிந்தது. கைரேகை, புகைப்படம், கையெழுத்து எல்லாம் ஒரு முற்பகல் வேலை. சாயங்காலம் சாவியோடு வீட்டுக்குப் போனோம். கொல்லைக் கதவு மழைக்காலத்தில் ஊதிக்கொள்ளும். கதவை லேசாக மேலே தூக்கி, முழங்காலால் ஒரு அழுத்து அழுத்தி, அப்புறம்தான் தாழ்ப்பாளை இழுக்க வேண்டும். அதை அந்தப் பெண்ணுக்குச் செய்து காட்டினேன். மூன்றாவது தடவை அவர் கைக்குத் திறந்தது.