கிவிக்ஸ்: நெட் இல்லாத லேப்டாப்ல முழு விக்கிபீடியா, ரெண்டு வருஷம் யூஸ் பண்ண அனுபவம்

எங்க ஊரு கோத்தகிரி பக்கம். ஐப்பசி மழையில மரம் சாஞ்சா கேபிளும் சேர்ந்து அறுந்துரும், கரண்ட் ரெண்டு நாள்ல வந்துரும் ஆனா நெட் வர ஒரு வாரம் பத்து நாள் கூட ஆகும், மொபைல் சிக்னலும் அப்ப ஒரு கோடுதான். சாயங்காலம் ப்ளஸ் டூ பசங்களுக்கு டியூஷன் எடுக்கறேன், நெட் போன அன்னைக்கு ஒரு சந்தேகம் வந்தா பாடப்புத்தகத்தை தாண்டி பாக்க வழியே இருக்காது. அதுக்காக தேடி எடுத்ததுதான் கிவிக்ஸ்.

2007ல ஆரம்பிச்ச சாஃப்ட்வேர், இலவசம், ஓப்பன் சோர்ஸ். விக்கிபீடியா மாதிரி ஒரு முழு சைட்டையே சுருக்கி ஒரே ஃபைலா தர்றாங்க, ஜிம் ஃபைல்னு சொல்லுவாங்க, இசட் ஐ எம்னு முடியும். அதை ஒரு தடவை இறக்கிட்டா போதும், அப்புறம் நெட்டே வேணாம். விண்டோஸ்ல இன்ஸ்டால் கூட பண்ண வேண்டியதில்ல, ஜிப்பை பிரிச்சு டபுள் கிளிக் பண்ணா ஓடும். என் தங்கச்சிக்கு ஸ்கூல்ல குடுத்த அரசு லேப்டாப் ஒன்னு சும்மா கிடந்துச்சு, ரேம் 2 ஜிபிதான், அதுல லுபுன்டுன்னு ஒரு லேசான லினக்ஸ் போட்டு கிவிக்ஸ் வச்சேன், ஓடுது. படிக்கறதுக்கு அதுக்கு மேல என்ன வேணும்.

சைஸ் விஷயத்துலதான் யோசிச்சு இறங்கணும். படத்தோட முழு ஆங்கில விக்கிபீடியா 100 ஜிபிக்கு மேல, டெய்லி 2 ஜிபி டேட்டாவுல அதெல்லாம் நடக்காது. நான் கோயம்புத்தூர்ல ஃப்ரெண்ட் வீட்டு ஃபைபர்ல டோரன்ட் போட்டு எடுத்தேன், பாதியில நின்னாலும் விட்ட இடத்துலேர்ந்து தொடரும். அவ்ளோ வேணாம்னா படம் இல்லாத வெர்ஷன் இருக்கு, முதல் பத்தி மட்டும் இருக்கற மினி வெர்ஷனும் இருக்கு, மருத்துவம் கணக்குன்னு தனித்தனியாவும் கிடைக்குது. முதல்ல தமிழ் விக்கிபீடியாவை போட்டு பாருங்க, சின்னது, சட்டுனு இறங்கிரும்.

ஒன்னு மறக்காதீங்க, பென்டிரைவ்ல காப்பி பண்ணப் போறீங்கன்னா அது எந்த ஃபார்மட்னு பாருங்க. ஃபேட் 32ஆ இருந்தா 4 ஜிபிக்கு மேல உள்ள ஒரு ஃபைலை ஏத்துக்காது. டிரைவ்ல 100 ஜிபி காலியா இருக்கு, ஆனா ஃபைல் பெருசுன்னு திருப்பி அனுப்புது, எனக்கு அரை நாள் இதுலயே போச்சு. எக்ஸ்ஃபேட்டா மாத்தினதும் காப்பி ஆயிருச்சு.

இப்ப பசங்க கதைக்கு வர்றேன். போன மழையில ஒன்பது நாள் நெட் இல்ல. ஒரு பையன் டிஎன்ஏ பத்தி கேட்டான், சர்ச் பாக்ஸ்ல ரெண்டு எழுத்து அடிக்கறப்பவே கீழ தலைப்பெல்லாம் வரிசையா வந்துருது, தமிழ் கட்டுரை ஒரு டேப்ல, ஆங்கிலம் இன்னொரு டேப்ல. டிஎன்ஏ வடிவத்தை கண்டுபிடிச்ச வாட்சன், கிரிக் பேரை கிளிக் பண்ணான், அங்கேர்ந்து ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், அந்த கண்டுபிடிப்புக்கு உதவின, அவங்க லேப்ல 1952ல எடுத்த டிஎன்ஏ எக்ஸ்ரே படம், அந்த படத்தை பாத்துட்டு "அண்ணா, இவங்க பேரு ஏன் நம்ம புக்குல பெருசா போடல"ன்னு கேட்டான். ஒரு மணி நேரம் எந்திரிக்கவே இல்ல. நெட் இருந்தா நாலாவது நிமிஷம் வேற எங்கயாவது போயிருப்பான், இங்க போறதுக்கு வேற இடம் கிடையாது, அடுத்த கட்டுரைக்குத்தான் போகணும். எனக்கு இதுல ரொம்ப பிடிச்சதே இதுதான்.

இன்னொன்னு, இதுலயே லோக்கல் சர்வர்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. அதை ஸ்டார்ட் பண்ணா ஒரு அட்ரஸ் காட்டும், அதே வைஃபையில இருக்கற போன்ல அந்த அட்ரஸை அடிச்சா விக்கிபீடியா திறக்கும். ரவுட்டருக்கு கரண்ட் இருந்தா போதும், நெட் லைன் அறுந்து கிடந்தாலும் பரவால்ல. ஒரு லேப்டாப்பை வச்சு ஆறு பசங்க அவங்கவங்க போன்ல படிச்சாங்க. விண்டோஸ் ஃபயர்வால் கேட்டா மட்டும் அனுமதி குடுத்துருங்க.

குறைன்னா, இறக்கின தேதியோட தகவல் அப்படியே நிக்கும், நேத்து நடந்தது இருக்காது, புதுசு வேணும்னா திரும்ப முழு ஃபைலையும் இறக்கணும். வெளி சைட் லிங்க் எதுவும் திறக்காது. தமிழ் கட்டுரை பல தலைப்புல ரொம்ப சின்னதா இருக்கும், அது கிவிக்ஸ் குறை இல்ல, நாமதான் எழுதணும்.

கூடவே லிப்ரே ஆபீஸ், தமிழ் அடிக்க என்எச்எம் ரைட்டர், பழைய தமிழ் நூல்களை இலவசமா தர்ற மதுரைத் திட்டத்துல இறக்கின பிடிஎஃப் ஒரு ஃபோல்டர், எல்லாம் வச்சிருக்கேன். ப்ளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்கு பைத்தான் போட்டு குடுங்க, விண்டோஸ்ல பைத்தானோட கூடவே வர்ற ஐடில்ங்கிற எடிட்டர்ல எஃப்1 தட்டினா முழு டாக்குமென்டேஷனும் நெட் இல்லாமலே வரும், நிறைய பேருக்கு இது தெரியல.

மலை ஊர்ல இருக்கறவங்க மழைக்கு முன்னாடியே இறக்கி வச்சுக்கோங்க. பக்கத்து ஊர்க்காரங்க யாருக்காவது வேணும்னா ஹார்ட் டிஸ்க் எடுத்துட்டு வாங்க, காப்பி பண்ணி தர்றேன். எக்ஸ்ஃபேட்ல போட்டு எடுத்துட்டு வாங்க.