சுங்கை சிப்புட்டில் குசினி இழுத்துக் கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு: எங்கள் 18,000 வெள்ளி போய்விட்டது

கோபம் ஆறவில்லை, அப்படியே எழுதுகிறேன். வீட்டின் பின்பக்கம் குசினியை (சமையலறையை) இழுத்துக் கட்டித் தருவதாகச் சொன்ன காண்ட்ராக்டரிடம் 18,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்தோம். இப்போது இருப்பது மூன்று பக்கச் சுவரும் மழைத்தண்ணி தேங்கும் தரையும்தான். கூரை இல்லை.

அவரைக் கைகாட்டியது ஊரில் உள்ள ஒரு ஹார்ட்வேர் கடை. "நம்ம ஆளு, பயப்படாதீங்க" என்றார்கள். வீட்டுக்கு வந்தவர் அம்மாவிடம் முதலில் கேட்டது, "எந்தத் தோட்டம்மா நீங்க?" அம்மா சொன்னதும், "எங்கப்பாவும் அங்கதாம்மா பால் மரம் வெட்டினாரு" என்றார். அப்புறம் ரப்பர் தோட்டத்து லயத்து வீடு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டாய், தீமிதித் திருவிழா என்று ஒரே பழைய பேச்சு. அம்மா அவரைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். "பிளான் பாஸ் பண்றது என் பொறுப்பு, கவுன்சில்ல ஆள் இருக்கு" என்றார். அப்பா விட்டுப்போன இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தோம். தோட்டத்துப் பேச்சைப் பேசி வயசான அம்மாவை ஏமாற்றியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிளான் கவுன்சிலுக்கு, அதாவது நகராண்மைக் கழகத்துக்கு, போகவே இல்லை. 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி எழுத்து அனுமதி இல்லாமல் கட்டக்கூடாது. வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அதில் அவர் பெயர் இல்லை, வீட்டுக்காரர் என்று அம்மாவின் பெயர்.

சுவரும் பிளந்துவிட்டது. பழைய வீடு எப்போதோ மண்ணில் இறங்கி நிலைத்துவிட்டது, புதுப்பகுதி இனிமேல்தான் இறங்கும். அதற்குத் தனி அஸ்திவாரம் போட்டு, நடுவில் இடைவெளி விட வேண்டும் என்று வந்து பார்த்த பிளான் வரைபவர் சொன்னார். இவர் பழைய சுவரோடு சிமெண்டு பூசி ஒட்டியிருக்கிறார். மேன்ஹோல் மேலேயே தரையும் போட்டிருக்கிறார்!

கேட்டால் மழை, லோரி வரவில்லை, வேலையாட்களுக்குப் பர்மிட் முடிந்துவிட்டது. "அக்கா, அடுத்த வாரம் கண்டிப்பா." அப்புறம் போனே எடுப்பதில்லை. கடைக்குப் போனால், "நாங்க சாமான் விக்கிறோம், அவர் எங்க ஆள் இல்ல" என்கிறார்கள். அன்றைக்கு 'நம்ம ஆளு' என்றது யார்? 18,000 வெள்ளி! ஒரு வார்த்தை வருத்தம்கூட இல்லை.

கட்டப் போகிறவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. முத்திரை குத்திய பிளானைக் கண்ணால் பார்க்காமல் ஒரு கல்கூட வைக்க விடாதீர்கள். ஆள் சிஐடிபியில் (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில்) பதிந்தவரா என்று பாருங்கள். வேலை முடிந்த அளவுக்கு மட்டும் பணம், ரசீதோடு. பயனீட்டாளர் திரிபியூனலில் (தீர்ப்பாயத்தில்) 50,000 வெள்ளி வரை வக்கீல் இல்லாமலே கேட்கலாம். நான் மனு போடப் போகிறேன். இதே ஆளிடம் பணம் கொடுத்தவர்கள் இருந்தால் வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள், எனக்கு எழுதுங்கள்.