சியாட்டிலும் ரெய்னியர் மலையும்: டூர் வேனில் ஒரு தடவை, காரில் ஒரு தடவை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் சியாட்டிலில் கார் ஓட்டுகிற நண்பரோ சொந்தக்காரரோ உங்களுக்கு இருந்தால், பக்கத்தில் இருக்கிற ரெய்னியர் மலைக்கு ஒரே நாளில் கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுகிற டூர் வேனுக்குப் பணம் கட்ட வேண்டாம். 2023 ஆகஸ்ட் முதல் வாரம் நாங்கள் அந்த மலைக்கு இரண்டு தடவை போனோம், புதன்கிழமை வேனில், வெள்ளிக்கிழமை நண்பனின் காரில். அதே ரோடு, அதே மலைதான், ஆனால் புதன்கிழமை பார்த்ததை மட்டும் வைத்து ஊருக்குத் திரும்பியிருந்தால் அங்கே அப்படி ஒன்றும் இல்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருப்பேன். தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பிள்ளைகள் அமெரிக்காவில் வேலை பார்க்கிற வீடுகள் நிறைய, அங்கே போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் நாகர்கோவிலில் ஒன்றாகப் படித்தவர்கள். நான் தக்கலை, ஒருவன் குளச்சல், ஒருவன் குலசேகரத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருப்பவன். நாலாவது ஆள் சியாட்டில் பக்கம் வேலையில் இருக்கிறான், அவன் வீட்டில்தான் தங்கினோம்.

நகரத்துக்கு இரண்டு நாள் போதும், அதற்குக் காரும் வேண்டாம். விமான நிலையத்திலிருந்து ரயிலில் 3 டாலருக்கு, முக்கால் மணி நேரத்துக்குள் நகரத்தின் நடுவில் இறங்கிவிடலாம். 1962 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ஸ்பேஸ் நீடில் கோபுரம் 605 அடி, நம் வள்ளுவர் சிலையைப் பீடத்தோடு சேர்த்து நாலரை தடவை அடுக்கின உயரம். மேலே சுழல்கிற கண்ணாடித் தரை இருக்கிறது, அதில் நின்று கீழே பார்க்கும்போது கால் கூசத்தான் செய்தது. டிக்கெட் ஏறக்குறைய 3,000 ரூபாய் ஆனது. அவ்வளவு செலவழிக்க மனசில்லை என்றால் கெர்ரி பார்க் என்று மேட்டில் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது, அங்கிருந்து கோபுரமும் நகரமும், வானம் தெளிந்திருந்தால் பின்னால் ரெய்னியரும் காசில்லாமல் தெரியும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான்.

பைக் பிளேஸ் சந்தையில் குளச்சல்காரனை மீன் கடையிலிருந்து கிளப்ப அரை மணி நேரம் ஆனது. ஆள் கேட்கிற மீனை ஒருவன் சத்தமாகச் சொல்ல, மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து அதையே திருப்பிச் சொல்லி, முழு சால்மனைத் தூக்கி எறிகிறார்கள், உள்ளே நிற்பவன் காகிதத்தோடு பிடிக்கிறான். "ஏலக்கூடம் மாதிரியே சத்தம், ஆனா விலை மட்டும் ஏறாம நிக்குதே மக்கா" என்றான். அந்தச் சந்தை 1907ல் தொடங்கியதே விலை ஏற்றத்தால்தான், இடைத்தரகர்களால் வெங்காய விலை எக்கச்சக்கமாக ஏறிப்போக, விவசாயிகளே நேராகக் கொண்டுவந்து விற்கட்டும் என்று நகரசபை இடம் ஒதுக்கியது. வடசேரி சந்தைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அங்கே அந்நியமாகவே இருக்காது.

நகரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பெரிய கப்பலில் பெய்ன்பிரிட்ஜ் தீவுக்குப் போய் வந்ததுதான். 35 நிமிடம், நடந்து ஏறுகிறவர்களுக்கு 2023ல் 10 டாலருக்குள் இருந்தது, திரும்பி வரும்போது கட்டணமே இல்லை. கார்களும் லாரிகளும் கீழ்த்தட்டில் ஏறிக்கொள்ள நாம் மேலே போய் நிற்கலாம். நகரம் பின்னால் சிறுத்துக்கொண்டே போக, தெற்கே திரும்பினால் வானத்தில் வெள்ளையாக ஒன்று தனியாகத் தொங்குகிறது, முதலில் மேகம் என்றே நினைத்தேன். "அதுதான் மலை" என்றான் நண்பன். மேகம் இல்லாத நாளில் "மலை வெளியே வந்திருக்கு" என்று அங்குள்ளவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்களாம். காலையில் மலையடிவாரத்தில் ரப்பர் வெட்டிவிட்டு சாயங்காலம் கடப்புறத்தில் மீன் வாங்குகிற மாவட்டம் எங்களுடையது, அதனால் கடலில் நின்றுகொண்டு மலையைப் பார்ப்பது எனக்குச் சொந்த ஊர் மாதிரியே இருந்தது.

சரி, வேன் கதைக்கு வருகிறேன். ரெய்னியர் மலை ஒரு தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, அந்தப் பூங்காவுக்கு நகரத்திலிருந்து பொதுப் பேருந்து கிடையாது, புதன்கிழமை நண்பனுக்கு வேலை, அதனால் மூன்று பேருக்கும் தலைக்கு ஏறக்குறைய 190 டாலர் கட்டினோம். ஏழு மணிக்கு வருவதாகச் சொன்ன வேன் ஏழே முக்காலுக்கு வந்தது, அப்புறம் மூன்று ஹோட்டல்களில் ஆள் ஏற்றி ஊரைத் தாண்டும்போது மணி ஒன்பது. வழியில் காபிக்கென்று ஒரு நிறுத்தம், பொம்மையும் பனியனும் விற்கிற கடையில் இன்னொரு நிறுத்தம், மலையில் முக்கியமான இடமான பேரடைஸ் போய்ச் சேரும்போது ஒரு மணி ஆகிவிட்டது. இரண்டே முக்காலுக்கு வேனுக்குத் திரும்பிவிட வேண்டும் என்றார்கள். சாப்பாடு கட்டணத்தில் சேராது, பார்வையாளர் மையத்து உணவகத்தில் வரிசையில் நின்று வாங்கித் தின்றதில் முக்கால் மணி நேரம் போனது. அன்றைக்கு மலையை முழுக்க மேகம் மூடியிருந்தது. மீதி ஒரு மணி நேரத்தில் வெள்ளை மூட்டத்தையும் கார் நிறுத்துமிடத்தையும் பார்த்துவிட்டு ஏறினோம். வேன் கிளம்பி மூன்று வளைவு இறங்கியிருக்கும், "எலேய், திரும்பிப் பாருங்கடே" என்று குலசேகரத்துக்காரன் கத்தினான். பின் கண்ணாடியில் மேகம் விலகி முழு மலையும் நின்றது. ஒரு நிமிடம் நிறுத்த முடியுமா என்று கேட்டோம், அந்த இடத்தில் நிறுத்த முடியாது, நேரமும் இல்லை என்றார் ஓட்டுநர். அவர் மேல் எனக்குக் குறையே இல்லை, ரெய்னியர் ஒரு எரிமலை என்பது பற்றியும், அதன் மேல் மெல்ல நகர்கிற பனிக்கட்டியான பனியாறு பற்றியும் வழியெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மலைக்கென்று ஆளைக் கூட்டிப்போய் மலையில் இரண்டு மணி நேரம்கூட விடாமல் கடையில் நிறுத்தச் சொல்லி அட்டவணை போட்டவர்கள் மேல்தான் கோபம்.

எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நண்பன் வெள்ளிக்கிழமை லீவு போட்டான்.

காலை நாலரைக்குக் கிளம்பினோம். பூங்காவின் நிஸ்குவாலி வாசலை ஏழுக்கு முன்னால் தாண்டினோம், வரிசையே இல்லை. காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும், கார்டு மட்டும்தான், ரொக்கம் வாங்கவில்லை. வழியில் ஆற்றுத் தண்ணீர் பால் கலந்த சாம்பல் நிறத்தில் ஓடுகிறது, பனியாறு பாறையை அரைத்து மாவாக்கிக் கலந்துவிடுவதால் அந்த நிறம். ஏழரைக்கு பேரடைஸில் இறங்கியபோது மேகம் ஒரு துளி இல்லை. 14,410 அடி மலை, உச்சியிலிருந்து பாதி வரை பனி, கழுத்தை நிமிர்த்தித்தான் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

அப்புறம் அந்தப் பூக்கள். பனி உருகி முடித்த சரிவு முழுக்க நீல லூபின், சிவப்புப் பெயிண்ட்பிரஷ், வெள்ளை, மஞ்சள் என்று கண் போகிற தூரம் வரை. விடிகாலையில் தோவாளைப் பூச்சந்தையில் கூடை கூடையாகக் கொட்டுவார்களே, அதை மலைச்சரிவில் விரித்துவிட்டது போல இருந்தது. பாதையை விட்டு ஒரு அடிகூட இறங்கக் கூடாது என்று அங்கங்கே பலகை வைத்திருக்கிறார்கள், அது நியாயம்தான், வருடத்தில் சில வாரம் மட்டுமே வளரக் கிடைக்கிற செடி, ஒரு மிதியில் போய்விடும்.

இந்த இடத்தின் உயரம் 5,400 அடிதான், ஊட்டி இதைவிட உயரம். ஆனால் ஆகஸ்டிலும் பாதையோரம் பனி கிடக்கிறது, அவ்வளவு வடக்கே இருக்கிறது. 1971-72 குளிர்காலத்தில் இங்கே விழுந்த பனியைக் கூட்டினால் 93 அடிக்கு மேல் என்று படித்தபோது எனக்கு நம் வள்ளுவர்தான் ஞாபகம் வந்தார், பீடத்தை விட்டுவிட்டால் சிலை 95 அடி. ஸ்கைலைன் பாதையில் பனோரமா பாயிண்ட் வரை ஏறினோம், மூச்சு வாங்கியது, ஆனாலும் ஏறலாம். எதிரே பனியாறு உடைகிற சத்தம் தூரத்து இடி மாதிரி கேட்டது. குலசேகரத்துக்காரன் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பனியைக் கையில் அள்ளி, உருகி வடியும் வரை வைத்துக்கொண்டே நின்றான். கட்டிக்கொண்டு போன புளிச்சோறும், ஊரிலிருந்து கொண்டுவந்த ஏத்தங்காய் சிப்ஸும் ஒரு பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மார்மட் என்று கொழுத்த அணில் மாதிரி ஒரு பிராணி பக்கத்தில் வந்து பார்க்கும், ஒன்றும் போட்டுவிடாதீர்கள், தடை இருக்கிறது.

இறங்கும்போது நராடா அருவி. பலகையைப் பார்த்தால் அது நம் நாரதர் பெயர்தான்! 1893ல் டக்கோமா நகரத்துத் தியோசாபிகல் சொசைட்டியின் (பிரம்மஞான சபை) நாரதர் கிளையை வைத்து வந்த பெயராம், சென்னை அடையாறில் தலைமையகம் வைத்திருக்கிற அதே சொசைட்டி. அந்தப் பெயரை வாசித்ததும் எங்களுக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. புதன்கிழமை வேன் இந்த அருவியைத் தாண்டித்தான் போயிருக்கிறது, நிறுத்தவே இல்லை. பிற்பகலில் வெளியே வரும்போது உள்ளே வருகிற கார்கள் வாசலில் நீளமாக நின்றன.

போகிறவர்கள் சிலதைக் கவனியுங்கள். பூங்காவுக்குள் பெட்ரோல் கிடையாது, போன் சிக்னல் பெரும்பாலும் வராது, வரைபடத்தை முன்னாலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் என்றாலும் ஸ்வெட்டர் வேண்டும். 2024 கோடையில் உள்ளே நுழையவே நேரம் குறித்த முன்பதிவு கேட்டார்கள், இந்த விதி வருடத்துக்கு வருடம் மாறுகிறது, கிளம்பும் முன் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். பூவுக்காகப் போகிறவர்களுக்கு ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரைதான் நல்ல காலம். கார் ஓட்ட ஆளே இல்லை என்றால் வேனில்தான் போக வேண்டும், பேரடைஸில் எத்தனை மணி நேரம் விடுவார்கள் என்று கேட்டுவிட்டு மட்டும் பணம் கட்டுங்கள், நாலு மணி நேரத்துக்குக் குறைந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

அம்மா அப்பாவைக் கூட்டிப்போகிறவர்கள் முழங்கால் வலியை நினைத்துத் தயங்க வேண்டாம். பேரடைஸிலிருந்து மிர்ட்டில் அருவி வரை அரை மைல்கூட இல்லை, தார் போட்ட பாதை, மெதுவாக நடந்தே போய்விடலாம். அதுவும் முடியாது என்றால் பேரடைஸில் மலையைப் பார்த்தபடி உட்கார இடம் இருக்கிறது, ஒரு ஃபிளாஸ்க் டீயும் ஒரு சால்வையும் கொடுத்து உட்காரவைத்துவிட்டு நீங்கள் மேலே ஏறிப் பார்த்துவிட்டு வரலாம்.