பழைய சுங்குடிப் புடவையில் ஒரு போர்வையும் ஒரு முயலும்: தையல்கடைக்கு ஒரு மதிப்புரை

நான்கரை வயதுப் பேத்திக்கு என்ன பரிசு கொடுப்பது என்று இந்த ஆண்டு நான் அதிகம் யோசிக்கவில்லை. கோயம்புத்தூரில் புது வீட்டுக்குக் குடிபோன பிறகு அவளுக்கென்று தனி அறை ஒதுக்கப்பட்டு, விளக்கை அணைத்ததும் அலமாரிக்குப் பின்னால் யாரோ நிற்பதாக அவள் அழத் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. கடையில் வாங்கிய பொம்மைகள் அவளிடம் ஒரு கூடை நிறைய இருந்தும் எதுவும் கட்டில்வரை வரவில்லை. ஆகவே, என்னுடைய இரண்டு பழைய சுங்குடிப் புடவைகளை எடுத்துக்கொண்டு, மதுரையில் எங்கள் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளி இருக்கும் ஒரு தையல்கடைக்குச் சென்றேன். பழைய துணியில் போர்வையும் பொம்மையும் தைத்துத் தருவதாக அங்கே பலகை வைத்திருந்தார்கள்.

புதுத்துணி எடுக்காமல் பழைய புடவையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பாசம் மட்டும் அன்று. ஐம்பது முறை துவைத்த பருத்தியில் கஞ்சியும் இராது, சாயமும் இறங்காது. குழந்தை அதைக் கடித்தாலும் முகத்தில் போட்டுத் தேய்த்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை. அதோடு, பிறந்த முதல் எட்டு மாதம் இவள் தூங்கியது என் புடவையில் கட்டிய தூளியில்தான். எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரு பழக்கம் அந்தத் துணிக்கும் அவளுக்கும் இடையே ஏற்கெனவே இருந்தது. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் இன்று சுங்குடி என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை அச்சுப் போட்டவை. கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய பழைய புடவை வீட்டில் இருந்தால், அதை வெட்டும் முன் ஒரு முறைக்கு இரு முறை யோசியுங்கள். நான் கொடுத்தவற்றில் ஒன்று அப்படிப்பட்டது; யோசித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

கடைக்காரர் முதலில் காட்டிய மாதிரி, நடுவே செயற்கைப் பஞ்சு அடுக்கு வைத்துத் தைத்த தடித்த போர்வை. பார்வைக்கு அழகாக இருந்தாலும் நம் ஊர் வெயிலுக்கு அது ஒத்துவராது; குழந்தை நள்ளிரவில் வியர்த்து எழுந்தால் பயம் இரட்டிப்பாகும். வங்காளத்தில் பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கடுக்காக வைத்து ஓட்டுத்தையல் போட்டுக் காந்தா தைப்பார்களே, அதுபோலப் பஞ்சே இல்லாமல் உள்ளே என் கணவரின் பழைய வேட்டி ஒன்றை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்துத் தரச் சொன்னேன். அறுபது அங்குல நீளம், புடவையின் முழு அகலம் என்று அளவு முடிவானது. மேலும் கீழுமாகச் சேர்த்து மூன்று மீட்டருக்குச் சற்று அதிகமாகவே ஐந்தரை மீட்டர்ப் புடவையில் செலவாயிற்று. மேல்புறத்துக்கு இரண்டாவது புடவையிலிருந்து கட்டங்கள் வெட்டிப் பேட்ச் ஒர்க் செய்தார்கள். மீதித் துணியில் முயல். எல்லாவற்றுக்கும் கூலி 1,450 ரூபாய்.

முயல் விஷயத்தில் எனக்கும் கடைக்காரருக்கும் ஒரு சிறு வாக்குவாதம் நடந்தது. போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம்பஞ்சைத்தான் அடைக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அவர் துவைக்கக்கூடிய ஃபைபர் பஞ்சு போதும் என்றார். இதில் அவர் சொன்னதே சரி என்பதை ஒப்புக்கொள்கிறேன். மெத்தைக்கும் தலையணைக்கும் இலவம்பஞ்சுக்கு ஈடு கிடையாது. ஆனால் அதன் இழை மிக நுண்ணியது, தையல் சற்று விட்டாலும் வெளியே பறக்கும், துவைத்தால் கட்டிகட்டியாகத் திரளும். பாலும் எச்சிலும் சிந்தும் குழந்தை கையில் இருக்கும் பொம்மையை வாரம் ஒரு முறையாவது துவைத்தாக வேண்டும்.

கண்களைப் பற்றிப் பேசும்போது நிலைமை தலைகீழானது. கறுப்புப் பொத்தான் வைத்தால்தான் முகம் எடுப்பாக இருக்கும் என்றார் அவர். இரண்டு வயதுப் பேரன் ஒருவனும் அதே வீட்டில் இருப்பதால் நான் சம்மதிக்கவில்லை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துவார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எந்த உறுப்பும் தொண்டையில் சிக்கக்கூடியது என்பது கணக்கு. சட்டைப் பொத்தான் அதற்குள் தாராளமாக அடங்கும். 2021 ஜனவரி முதல் நம் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் நம் புடவையைக் கொடுத்துத் தைத்து வாங்கும் ஒரு பொம்மை எந்தச் சோதனைக்கூடத்துக்கும் போகப் போவதில்லை. அந்தச் சோதனையை நாமே செய்ய வேண்டும். கண்ணையும் மூக்கையும் நூலால் எம்பிராய்டரி செய்யச் சொல்லி, வாங்கும்போது காதுகள் இரண்டையும் பலமாக இழுத்துப் பார்த்தேன். இடது காது கையோடு வந்துவிட்டது. கடைக்காரர் முகம் சுளிக்காமல் அங்கேயே உட்கார்ந்து இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

குறை என்று சொன்னால் தாமதம்தான். பத்து நாள் என்று சொன்ன வேலை இருபத்து நான்கு நாள் இழுத்தது. ஒவ்வொரு முறையும் “நாளைக்குக் கண்டிப்பா முடிச்சிடலாம்மா” என்ற ஒரே பதில். போர்வையின் ஒரு மூலையில் ஓட்டுத்தையல் கோணலாக ஓடுகிறது. கேட்காமலே ஓரத்தில் ஜரிகை லேஸ் வைத்துத் தைத்திருந்தார்கள். கன்னத்தில் உராயும் என்பதால் அதைப் பிரித்தெடுக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது போயிற்று.

இனி, பயம் தீர்ந்ததா என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் இரவு தீரவில்லை. “இந்த முயல் உனக்குக் காவல்” என்று சொல்லிக் கொடுத்தேன். காவல் வேண்டும் என்றால் ஏதோ வரப் போகிறது என்றுதானே பொருள்? அவள் முன்னிலும் பலமாக அழுதாள். குழந்தையின் பயம் போகத் தூங்கும் முன் அறையில் தெளிப்பதற்கென்று கடைகளிலும் வீடுகளிலும் செய்யும் ‘பேய் விரட்டும் தண்ணீர்’ பாட்டில்களிலும் எனக்குத் தெரிவது இதே கோளாறுதான்: பேய் உண்டு என்று பெரியவர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். சோறு ஊட்டும்போது “பூச்சாண்டி வருவான்” என்று பகலில் நான் பல முறை சொன்னதைத்தான் இரவில் அவள் எனக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெயரை அதன்பின் நான் எடுப்பதில்லை.

என் மகள் வேறு வழி சொன்னாள். இஸ்ரேலிய உளவியலாளர் ஆவி சாதேயும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், போர்ச்சூழலில் மிரண்டிருந்த சிறுவர்களிடம் ஒரு பொம்மை நாய்க்குட்டியைக் கொடுத்து, அது வருத்தமாக இருக்கிறது, இதை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்படைத்தார்களாம். நாய்க்குட்டியைக் கவனிக்கும் பொறுப்பு வந்ததும் குழந்தைகளின் மிரட்சி குறைந்ததாம். மறுநாள் நானும் கதையை மாற்றினேன். முயல் மதுரையிலிருந்து முதல் முறையாக வந்திருக்கிறது, புது அறை அதற்குப் பழக்கமில்லை, இருட்டில் அதற்குத் தூக்கம் வராது என்றேன். பேத்தி அதைப் போர்வைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு, “அம்மாச்சி, அது ஆள் இல்ல, சட்டை தொங்குதுன்னு நான் முயல்கிட்ட சொல்லிட்டேன்” என்றாள். அன்று அழுகை இல்லை. அடுத்த வாரம் இரண்டு இரவுகள் அழுதாள். பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரே நாளில் மாறிவிடும் என்று நம்பி யாரும் காசு செலவழிக்க வேண்டாம்.

விளக்கு பற்றி ஒரு சொல். காலடியில் வைத்திருந்த இரவு விளக்கு திரைச்சீலையின் நிழலைக் கூரைவரை நீட்டிக்கொண்டிருந்தது. கட்டிலில் படுத்துப் பார்த்தபோது எனக்கே அது பிடிக்கவில்லை. அதை அலமாரிக்குப் பின்னால் மாற்றி, நீலத்தை எடுத்துவிட்டு மங்கலான மஞ்சள் பல்பு போட்டோம். நீல ஒளி தூக்கத்தைத் தள்ளிப்போடும்.

பழைய பருத்திப் புடவையும், மூன்று வாரம் காத்திருக்கும் பொறுமையும், கடைக்காரரிடம் எது வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லும் துணிவும் இருப்பவர்களுக்கு இந்தக் கடையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பிறந்தநாளுக்கு நான்கு நாள் முன்பு போய் நிற்பவர்களுக்கும் பட்டுப்புடவை கொண்டுபோகிறவர்களுக்கும் இது சரிப்படாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு, யார் தைத்தாலும், படுக்கையில் பொம்மையும் போர்வையும் வைக்கவே கூடாது. மூச்சு அடைபடும் அபாயம் உண்டு. பேரனுக்கு அடுத்த மாதம் ஒரு யானை கேட்டிருக்கிறேன். காதுகளுக்கு ஆரம்பத்திலேயே இரட்டைத் தையல் என்று சீட்டில் எழுதி வாங்கியாயிற்று.