4.35 வோல்ட் செல் என்று சொல்லி விற்கிறார்கள், சார்ஜ் போடும் முன் இதைப் படியுங்கள்

"ஹை வோல்டேஜ், 4.35 வோல்ட், 3000 எம்ஏஎச், புத்தம் புதுசு" என்று விளம்பரம் பார்த்து ஆன்லைனில் 18650 எனும் உருளை வடிவ லித்தியம் அயன் செல் வாங்கியவர்கள், அதை இன்னும் சார்ஜரில் போடவில்லை என்றால் இதைப் படித்து முடிக்கும் வரை தயவுசெய்து போடாதீர்கள். எனக்கு வந்தவை பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்தெடுத்து, மேலே புது உறை மாட்டிய சாதாரண 4.2 வோல்ட் செல்கள். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். 4.35 வோல்ட் வரை சார்ஜ் ஏற்றலாம் என்று அந்த உறையில் அச்சடித்திருப்பதை நம்பி யாராவது ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போனால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குப் பதறுகிறது.

4.35 வோல்ட் செல் என்று ஒன்று நிஜமாகவே உண்டு, அதனால்தான் இந்த ஏமாற்று எடுபடுகிறது. எல்ஜி, சாம்சங் இரண்டுமே லேப்டாப்புக்காக 4.35 வோல்ட் வரை ஏற்றக்கூடிய 18650 செல்களைச் செய்திருக்கின்றன. நம் கையிலிருக்கும் போன் பேட்டரிகளில் பலவற்றில் சராசரி வோல்டேஜ் 3.85 என்றும், சார்ஜ் வரம்பு 4.4 வோல்ட் என்றும் போட்டிருக்கும். அதெல்லாம் அந்த வோல்டேஜைத் தாங்குவதற்கென்றே செய்தவை, உள்ளே இருக்கும் பாசிட்டிவ் தகட்டின் பூச்சும் எலக்ட்ரோலைட் என்ற ரசாயனத் திரவமும் அதற்கேற்ற கலவை. சாதாரண செல்லின் எல்லை 4.2, கூடப்போனால் 0.05 முன்னே பின்னே. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், அதே 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். வித்தியாசம் சொல்வது உறையில் உள்ள எழுத்து மட்டும்தான், அந்த எழுத்தையே பொய்யாக அடித்துவிட்டால் வாங்குகிறவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

நான் எந்த செல் வாங்கினாலும் முதல் வேலையாக மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பேன். ஒரே லாட்டில் வந்த புது செல்கள் கிட்டத்தட்ட ஒரே வோல்டேஜில்தான் இருக்கும், இரண்டாவது தசம இடத்தில்தான் வித்தியாசம் தெரியும். வழக்கமாக 3.5, 3.6 வாக்கில் நிற்கும், ஏனென்றால் தனி செல்களை விமானத்தில் அனுப்பும்போது 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது என்று 2016-லிருந்து விதி இருக்கிறது. எனக்கு வந்த பெட்டியிலோ ஒன்று 3.61, இன்னொன்று 3.4, ஒன்று 2.3-க்கும் கீழே. அவ்வளவு கீழே போய்க் கிடந்த செல்லில் நெகட்டிவ் பக்கத்துச் செம்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கலாம், அதை மறுபடி ஏற்றினால் உள்ளேயே ஷார்ட் ஆகும் ஆபத்து உண்டு. அதை அப்படியே தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

எடை போட்டுப் பார்த்தால் போதும், லேசாக இருந்தால் போலி என்று பலர் சொல்வார்கள். 9900 எம்ஏஎச் என்று போட்டு விற்கிறார்களே, அந்த மாதிரி அப்பட்டமான போலிக்கு அது சரிதான். 18650-இல் நல்ல கம்பெனி செல்லே 3500 பக்கம்தான் நிற்கும், 9900 என்று பார்த்தாலே ஓடிவிட வேண்டும். ஆனால் இந்த மோசடியில் எடை உதவாது. உள்ளே இருப்பது நிஜமான கம்பெனி செல், பழசு, அவ்வளவுதான். எனக்கு வந்தவை ஒவ்வொன்றும் 44, 45 கிராம் சரியாகவே இருந்தன.

அடுத்து, கொள்ளளவை அளக்கும் டெஸ்டரில் போட்டு, 4.2 வோல்ட்டில் வைத்து ஏற்றி, அரை ஆம்பியரில் 3 வோல்ட் வரை இறக்கிப் பார்த்தேன். 4.35 செல்லை 4.2 வரை மட்டும் ஏற்றினால் முழுக் கொள்ளளவு வராது, பத்து பதினைந்து சதவீதம் குறையும், அது இயல்பு. 3000 என்றால் ஏறத்தாழ 2600 வந்திருக்க வேண்டும். வந்தது 1600, 1700. கூடவே இன்னொரு கணக்கும் போடலாம், நிறைய பேர் இதைப் பார்ப்பதில்லை. டெஸ்டர் காட்டும் வாட்-அவர் (Wh) எண்ணை ஆம்பியர்-அவர் (Ah) எண்ணால் வகுத்தால் சராசரி வோல்டேஜ் கிடைக்கும். ஹை வோல்டேஜ் செல் 4.2-இலிருந்து இறங்கினாலும் சராசரி 3.7 பக்கம் நிற்கும். எனக்கு 3.6-ஐத் தாண்டவே இல்லை. தேய்ந்துபோன செல்லிலும் சராசரி இறங்கும், அதனால் இந்த ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சந்தேகப்படுவதற்கு இது போதும்.

அப்புறம்தான் ஒன்றின் உறையைப் பிரித்தேன். நெகட்டிவ் பக்கத்து அடியில் பக்கத்துப் பக்கத்தில் சின்னச் சின்னக் குழிகள், ஸ்பாட் வெல்டிங் செய்த நிக்கல் பட்டையைப் பிய்த்து எடுத்த தடம், மேலே உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். உலோக உடலில் பழைய கம்பெனியின் குறியீட்டை ஏதோ கரைசல் வைத்துத் துடைத்திருந்தார்கள், ஒரு செல்லில் மட்டும் முழுதாகப் போகவில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படித்தேன். அந்த மாடலின் டேட்டாஷீட்டில், அதாவது கம்பெனி வெளியிடும் விவரத் தாளில், 2200 எம்ஏஎச், சார்ஜ் வரம்பு 4.2 வோல்ட்.

செல்லோடு ஒரு சார்ஜர் போர்டும் கொடுத்திருந்தார்கள், அதை நான் பயன்படுத்தவில்லை. விற்றவருக்கு போன் போட்டேன். கெபாசிட்டி வரவில்லை என்றதும் அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "சார், நீங்க 4.2-ல போட்டா எப்படி சார் வரும்? நாங்க குடுத்த போர்டுல 4.35-ல போடுங்க, ஃபுல்லா காட்டும்." உறை பிரித்த போட்டோவை அனுப்பியதும், "சீல் பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது சார்" என்று சொல்லி வைத்துவிட்டார், அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. ஆபத்தான ஒரு வேலையைச் செய்யச் சொல்லி, அதைத்தான் சரியான முறை என்று ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கிற இந்தத் துணிச்சலை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

0.15 வோல்ட்தானே என்று தோன்றும். லித்தியம் செல்லில் அந்த 0.15 பெரிய விஷயம். பாசிட்டிவ் தகட்டிலிருந்து அளவுக்கு மேல் லித்தியத்தை உருவினால் அதன் படிக அமைப்பு தளர்ந்துபோகும், சூடு ஏறினால் ஆக்சிஜனை விடும். நெகட்டிவ் பக்கத்துக் கிராஃபைட்டில் இடம் இல்லாமல் லித்தியம் உலோகமாகவே படியும். எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு சேரும். நல்ல செல்லில் பாசிட்டிவ் மூடிக்குக் கீழே ஒரு மெல்லிய தட்டு இருக்கிறது, வாயு அழுத்தம் கூடினால் அது வளைந்து இணைப்பைத் துண்டித்துவிடும். எங்கள் ஊரில் சோலார் விளக்கு சர்வீஸ் செய்யும் நண்பர் ஒருவர் அதே கடையில் அதே செல்லை வாங்கி, அவர்கள் கொடுத்த போர்டிலேயே போட்டிருக்கிறார். சார்ஜ் முடியும் நேரத்தில் கரன்ட் படிப்படியாகக் குறைய வேண்டும், குறையவே இல்லையாம், செல் கையில் பிடிக்க முடியாத சூடு. ஒரு டிக் சத்தம், அதன் பிறகு மீட்டரில் பூஜ்யம். அந்தத் தட்டு துண்டித்ததால் தப்பித்தார். பல வருடம் உழைத்த பழைய செல் ஒவ்வொன்றிலும் அது நேரத்துக்கு வேலை செய்யும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பக்கத்திலேயே மற்ற செல்களும் இருந்திருக்கின்றன, அவருடைய பையன் அதே மேஜையில்தான் படிப்பானாம்.

நான் 1915 என்ற எண்ணுக்கு போன் போட்டு, தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்தேன். பில், மீட்டர் போட்டோக்கள், டெஸ்ட் முடிவு, பிரித்த உறை எல்லாவற்றையும் வைத்திருந்ததால் பேச முடிந்தது. கொஞ்ச நாள் கழித்துப் பணம் திரும்பி வந்தது, ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. இந்த மாதிரி செல்கள் இந்தியாவில் விற்க ஐஎஸ் 16046 தரப்படி பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைவனம்) பதிவு வேண்டும், ஆர் என்று தொடங்கும் எண் இருக்கும், பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யார் பேரில் பதிவு என்று காட்டும். எனக்கு வந்த உறையில் அந்த எண்ணே இல்லை. கேட்டால் "இம்போர்ட் சார்" என்கிறார்கள், இறக்குமதிக்கும் அதே விதிதான்.

ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள், தயாரித்த கம்பெனியின் டேட்டாஷீட்டில் 4.35 என்று நீங்களே பார்க்காத வரை அதை 4.2 செல்லாகவே நினைத்துக்கொள்ளுங்கள். ஹை வோல்டேஜ் செல்லை 4.2-இல் ஏற்றினால் கொஞ்சம் கொள்ளளவுதான் குறையும், வேறு கெடுதல் இல்லை. ஓபஸ் மாதிரி 4.35 வைக்க வசதியுள்ள சார்ஜர் வைத்திருப்பவர்கள், அது எந்த அமைப்பில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், வேறு யாராவது மாற்றி வைத்திருக்கலாம். 2.5 வோல்ட்டுக்குக் கீழே வந்த செல், வெல்டிங் தடம் உள்ள செல், நகப்பூச்சு வாடை வரும் செல், இவற்றை ஏற்றவே வேண்டாம். இரண்டு முனையிலும் டேப் ஒட்டி இ-வேஸ்ட் எடுப்பவர்களிடம் கொடுங்கள், வீட்டுக் குப்பையில் போட்டால் லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கும்.

அந்தக் கடை இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. உறையின் நிறத்தை மாற்றி இப்போது 3200 எம்ஏஎச் என்று போட்டிருக்கிறார்கள், 4.35 மட்டும் அப்படியே இருக்கிறது, கூட அந்தச் சார்ஜர் போர்டும் இலவசம் என்று.